மூன்றாம் நாள் கஞ்சி

பதினாறு வருடம் நர்ஸ் வேலை பார்த்த பிறகு என்னை மறுபடியும் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். எண்பதுகளின் கடைசி அது. திண்டிவனத்தில் முப்பது கட்டில் உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சை அறை என் பொறுப்பில் இருந்தது. அறை என்றால் மூன்று கட்டில், ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டர், சளி உறிஞ்சுகிற மெஷின் ஒன்று. சென்னை ரோட்டில் அடிபட்டவர்கள், பாம்பு கடித்தவர்கள், பூச்சிமருந்து குடித்தவர்கள் எல்லோரும் முதலில் வந்து இறங்குவது அங்கேதான்.

விழுப்புரத்தில் சில டாக்டர்கள் சேர்ந்து மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்தத் தொடங்கியிருந்தார்கள். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு இல்லை. அவசர சிகிச்சையில் பல வருடம் ஊறிப்போன டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும். எங்கள் டாக்டர் என்னையும் வரச் சொன்னார். அவருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. எட்டு வருடமாக அந்த அறையில் ஒன்றாக நின்றிருந்தோம்.

"எனக்கு எதுக்கு சார்? நான் பாக்காத கேஸா?" என்றேன்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன் சிஸ்டர். ஒரு தடவ வந்து பாருங்க, புடிக்கலன்னா விட்டுடுங்க."

எனக்கு அப்போது கர்வம் இருந்தது. இருட்டில் விட்டால்கூட நரம்பைத் தொட்டு ஊசி ஏற்றிவிடுவேன் என்று ஆயாக்கள் பேசிக்கொள்வார்கள். அதைக் கேட்காத மாதிரி நடந்து போவேன், ஆனால் கேட்டுக்கொண்டேதான் போவேன்.

வகுப்பு ரயில்வே ஜங்ஷன் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க இருபது பேர் உட்கார்ந்திருப்போம். பாடம் எடுக்கிறவர் பாண்டிச்சேரியிலிருந்து வருகிற மயக்க மருந்து டாக்டர். குரலை உயர்த்தாத மனிதர். கூட்ஸ் வண்டி போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு, கடைசிப் பெட்டி போகும்வரை சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டு நிற்பார். அப்புறம் விட்ட வாக்கியத்தை விட்ட இடத்திலிருந்தே தொடங்குவார்.

முதல் இரண்டு மாதம் மூச்சு நின்றவர்களுக்கு என்ன செய்வது, அடிபட்டவரைக் கழுத்து அசையாமல் எப்படித் தூக்குவது என்று போயிற்று. ஒன்றிரண்டு விஷயம் புதிதாக இருந்தது. மூன்றாவது மாதம் அவர் கரும்பலகையில் பூச்சிமருந்து என்று எழுதினார். நான் பேனாவை மூடிவிட்டேன். எங்கள் பக்கத்தில் அது வாரா வாரம் வருகிற கேஸ். வயிற்றைக் கழுவுவது, அட்ரோபின் ஊசி போடுவது, நெஞ்சில் களகளவென்ற சத்தம் அடங்குகிறதா என்று பார்ப்பது எல்லாம் கை பழகிய வேலை.

அவர் அட்ரோபின் அளவைச் சொன்னார். நாங்கள் கொடுப்பதைவிட அது கூடுதல். எங்கள் டாக்டர் குறித்துக்கொண்டார். அப்புறம் ஒரு கூட்ஸ் வண்டி போயிற்று. அது போன பிறகு அவர் சொன்னது இது:

"இப்ப நான் சொல்லப் போறத சமீபத்துலதான் கண்டுபிடிச்சி எழுதியிருக்காங்க. முதல் நாள் கண்டம் தாண்டிடும். ரெண்டாவது நாள் நல்லா பேசுவாங்க. நாம தேறிட்டாங்கன்னு நெனப்போம். மூணாவது நாள் மூச்சு நின்னுடும். விஷம் தசைகள மெல்ல மெல்ல செயலிழக்க வச்சிடுது. முதல்ல கழுத்து. தலையணையிலிருந்து தலையத் தூக்கச் சொல்லிப் பாருங்க. தூக்க முடியலன்னா அடுத்தது மூச்சுதான். குரல் மாறும். முழுங்க முடியாது, தண்ணி குடுத்தாக்கூட பொரையேறும். அந்த நேரத்துல தொண்டைல குழாயப் போட்டு மூச்சு குடுத்துட்டா, சில நாள்ல தசை தானே திரும்பிடும். ஆளு பொழச்சிடும்."

நான் எழுதவில்லை. பக்கத்தில் டாக்டரின் பேனாவும் நின்றுவிட்டது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ஒரு வருடத்துக்கு முன்னால், ஒலக்கூரைத் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து பதினெட்டு வயதுப் பெண் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அப்பாவும் அம்மாவும் அன்றாடம் வயல் வேலைக்குப் போகிறவர்கள். பெண் பத்தாவது முடித்திருந்தாள். திண்டிவனத்தில் டைப்ரைட்டிங் வகுப்பில் சேர வேண்டும் என்று நச்சரித்திருக்கிறாள். பெண்பிள்ளை தினம் பஸ் ஏறிப் போவதாவது என்று அப்பா கன்னத்தில் அறைந்துவிட்டார். அந்தக் கோபத்தில் பூச்சிமருந்தைக் குடித்துவிட்டாள். குடித்த நிமிடமே பயந்துபோய் ஓடிவந்து அம்மாவிடம் சொன்னதும் அவளேதான்.

முதல் நாள் மிகவும் மோசம். டாக்டரும் நானும் நகரவில்லை. மறுநாள் விடிந்தபோது நெஞ்சு தெளிந்திருந்தது. பத்து மணிக்கு என்னிடம் பேச ஆரம்பித்தாள். "அக்கா, நீங்க எங்க படிச்சீங்க?", "அக்கா, நர்சுக்கு டைப்பு தெரியணுமா?" என்று ஓயாத கேள்விகள். வாசலில் உட்கார்ந்திருந்த அவள் அம்மாவைக் கூப்பிட்டு, "உங்க பொண்ணு பொழச்சிட்டா, போதுமா?" என்றேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

மூன்றாம் நாள் காலையில் அவள், "அக்கா, தலையத் தூக்க முடியல" என்றாள். குரல் மூக்கால் பேசுவதுபோல் இருந்தது.

"ரெண்டு நாளா சாப்பிடல இல்ல, அதான்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு தலையணையை எடுத்துத் தோளுக்குக் கீழே கொடுத்தேன். அம்மாவிடம், "கழுவின வயிறு, இன்னிக்கு ஒண்ணும் குடுக்காதீங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றேன். அடிபட்ட கேஸ் ஒன்று வந்தது. போய்விட்டேன்.

மத்தியானம் அம்மாவின் சத்தம் கேட்டு ஓடினேன். பெண்ணின் உதடு நீலமாக இருந்தது. வாயோரம் கேப்பைக் கஞ்சி வழிந்திருந்தது. பசிக்கிறது என்று பெண் சொன்னதால், தூக்குவாளியில் கொண்டுவந்த கஞ்சியை அம்மா இரண்டு ஸ்பூன் ஊட்டியிருக்கிறாள். உறிஞ்சியெடுத்தோம். டாக்டர் வந்தார். கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கிற ரப்பர்ப் பையை ஆபரேஷன் தியேட்டரிலிருந்து எடுத்து வருவதற்குள் இதயம் ஓய்ந்துவிட்டது. அரைமணி நேரம் அமுக்கினோம். அவள் திரும்பவில்லை.

வராந்தாவில் அந்த அம்மா நின்றிருந்தாள். கூட அவள் கணவர், ஊரிலிருந்து வந்திருந்த ஏழெட்டுப் பேர். எனக்கு ஆத்திரம். பிழைத்த பெண் போய்விட்டதே என்ற ஆத்திரம்.

"யாரு உங்கள கஞ்சி குடுக்கச் சொன்னது? குடுக்காதீங்கன்னு படிச்சிப் படிச்சி சொன்னேனே. உங்க கையாலயே முடிச்சிட்டீங்களே" என்றேன்.

அதை நான் சொன்னேன். எல்லோர் எதிரிலும் சொன்னேன். கணவர் அந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்த பார்வை மட்டும் எனக்கு நினைவிருக்கிறது.

பூச்சிமருந்துப் பாடம் நடந்த அன்று டாக்டரும் நானும் விழுப்புரத்தில் ஏறிய பஸ் திண்டிவனத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் டாக்டர்தான் ஆரம்பித்தார்.

"சிஸ்டர், அந்த டைப்ரைட்டிங் பொண்ணு."

"ஆமா சார்."

"காலைல உங்ககிட்ட ஏதாவது சொல்லிச்சா?"

"தலையத் தூக்க முடியலன்னு சொன்னா சார். நான் தலகாணி வச்சிட்டு வந்தேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் ரவுண்ட்ஸ்ல பாத்தேன். குரல் ஒரு மாதிரி இருந்திச்சி. அட்ரோபின்ல வாய் காஞ்சிருக்குன்னு நெனச்சேன். நமக்குத் தெரியாது சிஸ்டர். அப்ப யாருக்குமே சரியாத் தெரியாது."

"தெரியாததுக்கு நான் அழல சார். கஞ்சியால செத்தான்னு அந்த அம்மாகிட்ட சொன்னேன் பாருங்க, அதான்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

போய்ச் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். போக மூன்று வாரம் ஆயிற்று. டாக்டரிடம் சொன்னபோது, "போயி இன்னான்னு சொல்வீங்க? நாங்க கவனிக்கலன்னா?" என்று கேட்டார்.

"கஞ்சியால இல்லன்னு சொல்வேன் சார். மத்தது அவங்க கேட்டா சொல்வேன்."

அதைக் கேட்டுவிட்டு, "நானும் வரணும். ஆனா வரமாட்டேன். எனக்கு அந்த தைரியம் இல்ல" என்றார். அதற்காக அவரை நான் குறைவாக நினைத்ததில்லை.

ரிஜிஸ்டரில் ஊர்ப் பெயர் இருந்தது. எனக்கு விடுமுறை கிடைத்த ஒரு நாள் காலையில் ஒலக்கூர் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து நடந்தேன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குகிற சமயம். ஒரு வேப்பமரத்தடியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். மற்றவர்களைவிட்டுக் கொஞ்சம் தள்ளி, தனியாக ஒரு குவியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து, மண் கையைப் புடவையில் துடைத்தாள்.

"நர்சம்மாதானே? இன்னா இவ்ளோ தூரம்?"

"உங்களத்தான் பாக்க வந்தேன். வீட்டுக்குப் போயிப் பேசலாமா?"

வீட்டுக்குள் பாய் போட்டாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். மூலையில் இரண்டு அடுப்பு இருந்ததைப் பார்த்தேன். என் பார்வை போன இடத்தைப் பார்த்து அவளே சொன்னாள்.

"அது அவருக்கு. தனியா பொங்கித் துன்றாரு. என் கையால வாங்கறதில்ல. பொண்ணு போனதிலிருந்து அப்பிடித்தான். நாத்தனா புள்ளைங்களையும் எங்கிட்ட வுடறதில்ல. நானும் யார் புள்ளைக்கும் ஒரு வாய் ஊட்டறதில்ல."

நான் சொல்ல ஆரம்பித்தேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தது எதுவும் உதவவில்லை. விழுப்புரத்தில் பாடம் நடக்கிறது, அங்கே இப்படிச் சொன்னார்கள், மருந்து கழுத்தைப் பிடித்து மூச்சை நிறுத்திவிடுமாம், விழுங்க முடியாமல் போகுமாம், கஞ்சி கொடுக்காவிட்டாலும் அன்று மூச்சு நின்றுதான் இருக்கும் என்று துண்டு துண்டாகச் சொன்னேன்.

"அப்ப நான் குட்த்த கஞ்சியால இல்லியா?"

"இல்லம்மா."

"நெசமாவா சொல்றீங்க? என் மனசு ஆறணும்னு சொல்லலியே?"

"நெசமாத்தான்."

அவள் அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு கேட்டாள்.

"இது அன்னிக்கே உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் மூன்று வாரம் வராமல் இருந்தேன். "காலைலயே மூச்சு குடுத்துக்கிட்டு பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்போம். பொழச்சிருக்கலாம். கண்டிப்பா பொழச்சிருப்பான்னு சொல்ல முடியாது. ஆனா பொழச்சிருக்கலாம்."

அப்போதுதான் வாசலில் அவள் கணவர் நின்றிருந்ததைக் கவனித்தேன். யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும், மண்வெட்டியோடு வந்திருந்தார். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று தெரியவில்லை.

"கஞ்சி இல்ல" என்றார். கேள்வியாகவும் இல்லை, பதிலாகவும் இல்லை.

"இல்லீங்க."

"மருந்துதான்."

"ஆமாங்க."

மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு, வாசற்படியிலேயே உட்கார்ந்தார். "மருந்த அவ எதுக்குக் குட்ச்சான்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியுங்க."

"ஒரு வருசமா இவளத் திட்டிக்கினு இருந்தேன். நீதான் கொன்னுட்ட, நீதான் கொன்னுட்டன்னு. காலைல ஏந்திரிச்சா அதத்தான் சொல்வேன். எனக்கு அது ஒண்ணு இருந்திச்சி."

அந்தப் பக்கத்தை நான் யோசித்திருக்கவே இல்லை. அந்த அம்மாவின் தலையிலிருந்து இறக்கிவைக்கத்தான் வந்தேன். இறக்கிய பாரம் எங்கே போகும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஏதாவது ஆறுதல் சொல்ல வாய் எடுத்தேன். கோபத்தில் அறையாத அப்பா இல்லை என்று சொல்லலாம். அதை அவரிடம் அந்த நேரத்தில் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்று பட்டது.

அந்த அம்மா எழுந்து நின்றாள். "அன்னிக்கி நீங்க எல்லார் எதிர்லயும் என்னக் கேட்டீங்களே, நர்சம்மா."

"ஆமாம்மா. அது தப்பு. அதுக்குத்தான் வந்தேன்."

"எங்கிட்ட மட்டும் சொன்னா பத்தாது. அதே மாதிரி எல்லார் எதிர்லயும் வந்து சொல்லுங்க."

அவள் முன்னால் நடந்தாள். நான் பின்னால் போனேன். வேப்பமரத்தடியில் பெண்களெல்லாம் ஆய்வதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். அவர்களில் இரண்டு மூன்று பேர் அன்று வராந்தாவில் நின்றிருந்தவர்கள். முகம் எனக்கு அடையாளம் தெரிந்தது. நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"அந்தப் பொண்ணு கஞ்சியால சாவல. மருந்து மூச்ச நிறுத்திடுச்சி. அத நாங்க அன்னிக்குக் கண்டுபிடிக்கல, எங்களுக்குத் தெரியல. அம்மா மேல பழி போட்டது நான். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

பிறகு ஒருத்தி, "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போயிருந்தா தெரிஞ்சிருக்குமா?" என்றாள். தெரியவில்லை என்றேன். இன்னொருத்தி தன் குவியலைத் தள்ளி வைத்து, "ஏ, இங்க வந்து குந்து" என்று அந்த அம்மாவைக் கூப்பிட்டாள். அவள் போகவில்லை. தன்னுடைய பழைய இடத்திலேயே உட்கார்ந்து காய் ஆய ஆரம்பித்தாள். என்னிடம் போய்வரச் சொல்லவும் இல்லை.

திரும்பி நடக்கும்போது வீட்டைத் தாண்டித்தான் வர வேண்டும். அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். நான் நின்றேன். அவர் நிமிரவில்லை.

அடுத்த மாத வகுப்பில் யாராவது ஒருவர் தங்கள் கேஸ் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றார் பாண்டிச்சேரி டாக்டர். அதுவரை டாக்டர்கள் மட்டும்தான் எழுந்து சொல்லியிருந்தார்கள். நான் எழுந்தேன். பெண் வந்த நேரம், கொடுத்த மருந்து, மூன்றாம் நாள் காலை அவள் சொன்னது, நான் தலையணை வைத்தது, வராந்தாவில் கத்தியது, பிறகு கிராமத்துக்குப் போய்ச் சொன்னது, எதையும் விடாமல் சொன்னேன். ஒரு டாக்டர், "இதெல்லாம் வெளில போயிச் சொல்லியிருக்க வேண்டியதில்ல, சிஸ்டர். பின்னாடி பேஜாரு ஆயிடும்" என்றார். எங்கள் டாக்டர் உடனே எழுந்து, "அந்தக் கேஸ் என்னோடதுதான், ரவுண்ட்ஸ்ல பாத்துட்டு விட்டவன் நான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார், உட்கார்ந்துவிட்டார். கடைசி பெஞ்சில் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்திலிருந்து வருகிற ஒரு நர்ஸ் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவளுக்கும் ஒரு முகம் நினைவுக்கு வந்திருக்கும். நான் கேட்கவில்லை.

அந்த வருடம் எங்கள் அறையில் ரப்பர்ப் பை தியேட்டர் அலமாரியிலிருந்து கட்டில் பக்கத்துக்கு வந்தது. மருந்து குடித்து வந்தவர்கள் எவ்வளவு சிரித்துப் பேசினாலும் நான்கு நாள் முடிகிறவரை வேளைக்கு வேளை தலையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தோம். வல்லத்துப் பக்கத்து விவசாயி ஒருவர் மூன்றாம் நாள் தூக்க முடியாமல் விழித்தார். டாக்டர் குழாயைப் போட்டார். ஒரு வாடகைக் காரில், நானும் அவரும் மாறி மாறிப் பையை அமுக்கிக்கொண்டு பாண்டிச்சேரி போய்ச் சேர்ந்தோம். இரண்டு வாரம் கழித்து அந்த மனிதர் நடந்து வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனார். அவர் மனைவி என் காலில் விழப் போனாள், பிடித்து நிறுத்தினேன். எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். நான் மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

கிராமத்துக்குப் போய்வந்து ஆறேழு மாதம் இருக்கும். அந்த அம்மா வெளி நோயாளிகள் வரிசையில் நின்றிருந்தாள். அரிவாள் பட்டு இடது கையில் வெட்டு. நானே உட்கார வைத்துக் கழுவினேன். டாக்டர் தையல் போட்டார். தலை குனிந்து போட்டு முடித்துவிட்டு வெளியே போய்விட்டார்.

கட்டுப் போடும்போது, "வீட்ல எப்படி இருக்காரு?" என்று கேட்டேன்.

"இப்ப என்ன ஒண்ணும் சொல்றதில்ல. நான் போட்டாத்தான் துன்றாரு. போட்டத அப்பிடியே வச்சிட்டும் ஏந்திரிச்சிப் போறாரு. யார்கிட்டயும் பேச்சு இல்ல. வேலைக்குக் கூப்ட்டா போறாரு, கூப்டலன்னா குந்திக்கினே இருக்காரு. திட்டிக்கினு இருந்தப்ப மனுசனா இருந்தாரு, நர்சம்மா."

"ஒரு தடவ கூட்டிக்கிட்டு வாங்களேன். டாக்டர் பாத்துப் பேசட்டும்."

"இங்கியா? இந்த வாசல்ல அவரு கால் வைக்க மாட்டாரு."

"அப்ப நான் வந்து பாக்கட்டுமா?"

அவள் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"நீங்க வந்து சொன்னது நல்லதுதான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா இனிமே வர வேணாம்."

ஐந்தாம் நாள் வந்து கட்டு மாற்றிக்கொள்ள வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தேன். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். ஐந்தாம் நாள் வரவில்லை. தையல் பிரிக்கவும் வரவில்லை. வேறு எங்கேயோ பிரித்துக்கொண்டிருப்பாள். நான் ஒலக்கூர் பஸ்ஸில் அதற்குப் பிறகு ஏறவில்லை.